படிக்கும்போதே துண்டு போடலாமா?

பட்டம் கைக்கு வரும் முன்பே பிசினஸ் ஸ்கூலில் இடம்: யாருக்கு லாபம், யாருக்கு வீண் செலவு?

பொறியியல் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டு முடியும் நேரத்தில் ஹாஸ்டல் பேச்சே மாறிவிடும். எந்த கம்பெனி எந்த மாதம் வருகிறது, எவ்வளவு சி.ஜி.பி.ஏ. கேட்கிறார்கள், அரியர் இருந்தால் உட்கார விடுவார்களா என்பதுதான் மூன்று வேளையும் ஓடும். அந்தக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் மட்டும் ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வான ‘கேட்’டுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். சில ஆண்டுகளாக அவர்கள் வாயிலும் அவர்களைப் பெற்றவர்கள் வாயிலும் இன்னொரு சமாசாரம் அடிபடுகிறது: டெஃபர்டு எம்.பி.ஏ.

விஷயம் எளிது. கல்லூரியின் கடைசி ஆண்டில் விண்ணப்பம். தேர்வானால் இடம் உங்களுடையது. ஆனால் உடனே போய் உட்கார முடியாது. பிசினஸ் ஸ்கூலைப் பொறுத்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை எங்காவது வேலை பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலைதான். என்ன, இந்த பஸ் கிளம்ப நான்கு வருஷம்கூட ஆகலாம். டிக்கெட் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல்.

இதை ஊரறியச் செய்தது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல். 2007-ல் ‘டூ பிளஸ் டூ’ என்ற திட்டத்தை அறிவித்தார்கள்: இரண்டு வருஷம் வேலை, பிறகு இரண்டு வருஷம் படிப்பு. முதல் முறை 630 பேர் விண்ணப்பித்ததில் 106 பேருக்கு இடம் கிடைத்தது. அவர்கள் 2011-ல் வகுப்பறைக்கு வந்தார்கள். இப்போது ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் மோதுகிறார்கள். இடம் மட்டும் நூற்றுச் சொச்சத்திலேயே நிற்கிறது. வேலை பார்க்கவேண்டிய காலத்தை இரண்டிலிருந்து நான்கு ஆண்டு வரை நீட்டிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன், சிகாகோ பூத், கொலம்பியா, எம்.ஐ.டி. ஸ்லோன், கெல்லாக், பெர்க்லி ஹாஸ் என்று பெரிய பள்ளிகள் பலவற்றிலும் இன்று இதற்கு ஒரு கதவு உண்டு. யேல் மட்டும் தனி ரகம். அங்கே சில்வர் ஸ்காலர்ஸ் என்ற திட்டத்தில் கல்லூரி முடித்த கையோடு முதல் ஆண்டுப் பாடத்தைப் படித்துவிட்டு, நடுவில் வேலைக்குப் போய், திரும்பி வந்து கடைசி ஆண்டை முடிக்கிறார்கள்.

ஹார்வர்டில் இடம் கேட்டு வாசலில் நிற்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்படியிருக்க, இருபத்தொரு வயதுப் பிள்ளைகளைத் தேடிப் போகவேண்டிய அவசியம் என்ன? பதில் அந்த வகுப்பறையில் இருக்கிறது. ஒரு வகுப்பில் சுமார் தொண்ணூறு பேர். பேராசிரியர் பாடம் எடுப்பதில்லை. ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த சிக்கலைப் பத்துப் பதினைந்து பக்கத்தில் முந்தின இரவே படித்துவிட்டு வந்து, ‘நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு மாணவர்களே பேசி முட்டி மோதவேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்தப் பேச்சுக்குத்தான். ஒரு நாள்கூடச் சம்பளம் வாங்காதவர் அங்கே என்ன பேசுவார்? அதனால்தான் சராசரியாக ஐந்தாண்டு வேலை அனுபவத்தோடு ஆள் எடுக்கிறார்கள். அதிலும் ஒரு தொல்லை. ஐந்து வருஷம் காத்திருந்தால் வருகிறவர்களில் பலர் கன்சல்டிங், முதலீட்டு வங்கி என்று ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருக்கிறார்கள். இயற்பியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் மென்பொருள் எழுதியவரும் எம்.பி.ஏ. என்ற நினைப்பே இல்லாமல் வேறு திசையில் போய்விடுகிறார்கள். அவர்களைச் சின்ன வயதிலேயே பிடித்து வைத்துக்கொள், உலகத்தில் கொஞ்சம் அடிபடவிட்டு அப்புறம் உள்ளே கூப்பிடு என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு புரிந்தால் பாதி விண்ணப்பம் முடிந்த மாதிரி. ‘டூ பிளஸ் டூ’வில் யாருக்கு முன்னுரிமை என்று ஹார்வர்டு வெளிப்படையாகவே சொல்கிறது: வழக்கமாக எம்.பி.ஏ. பக்கம் வராத பாதையில் இருப்பவர்கள், தொழிற்சாலை போன்ற நேரடி இயக்க வேலைக்குப் போகிறவர்கள், கடினமான தொழில்நுட்ப வேலையில் இருப்பவர்கள், சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். கடைசி இரண்டையும் படித்ததும் நம் ஊர் வகுப்பறைகள் ஞாபகத்துக்கு வரவேண்டும். ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்று சான்றிதழே கொடுக்கிற மாநிலம் இது. ஆனால் இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்படுவதோ, பெரும்பாலும் சென்னையில் சர்வதேசப் பள்ளியில் படித்துவிட்டு வெளிநாட்டுக் கல்லூரிக்குப் போனவர்கள்தான். இந்தக் கட்டுரையை எழுத அதுவே முதல் காரணம்.

இன்னொன்று. மூன்றாண்டுப் பட்டம் செல்லாது என்று பி.காம்., பி.எஸ்சி. மாணவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஹார்வர்டு இந்திய மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கிறது. எல்லாப் பள்ளியும் அப்படி என்று எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றிலும் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். அரியர் விஷயத்தில்தான் கண்டிப்பு. விண்ணப்பிக்கிற ஆண்டின் செப்டம்பர் இறுதிக்குள் படிப்பு முடிந்திருக்கவேண்டும். ஒரு பேப்பர் நவம்பருக்குத் தள்ளிப்போனால் தகுதியும் அதோடு போய்விடும்.

வேலைக்குப் போய்விட்டுப் படிப்பதா, படித்துவிட்டு வேலைக்குப் போவதா? கேள்வி பழையது. இதற்குச் சென்னைக் கல்லூரிகளிலிருந்தே இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியான இந்திரா நூயி, பட்டம் முடித்த கையோடு கொல்கத்தா ஐ.ஐ.எம். போனார். 1976-ல் அங்கே முடித்து, மேட்டூர் பியர்ட்செல்லிலும் ஜான்சன் அண்டு ஜான்சனிலும் வேலை பார்த்தார். பிறகுதான் யேல், 1980-ல் அங்கே இரண்டாவது நிர்வாகப் பட்டம். லயோலாவில் இயற்பியல் படித்த சி.கே. பிரகலாத் போனது நேர்மாறான வழி. பத்தொன்பது வயதில் யூனியன் கார்பைடில் சேர்ந்து நான்காண்டு தொழிற்சாலை வேலை. அதற்குப் பிறகு அகமதாபாத் ஐ.ஐ.எம்., அதற்கும் பிறகு ஹார்வர்டில் முனைவர் பட்டம். பிற்காலத்தில் உலகமே அவரை நிர்வாகவியலின் ஆசான் என்று கொண்டாடியபோதும், தன்னைத் திருப்பிவிட்டது அந்த நான்காண்டுதான் என்று சொன்னவர் அவர். நூயியும் இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகுதான் யேலுக்குப் போனார் என்பதைக் கவனித்தால், இரண்டு வழியும் கடைசியில் வேலைக்களத்தைத் தொட்டே போகின்றன.

நம் நாட்டில் நடைமுறை வேறு. கேட் தேர்வைக் கடைசி ஆண்டு மாணவர்களே எழுதலாம். நவம்பர் கடைசி ஞாயிறு தேர்வு, அடுத்த கோடையில் சேர்க்கை. ஐ.ஐ.எம். வகுப்புகளில் வேலை அனுபவமே இல்லாதவர்கள் எப்போதும் கணிசம். அண்ணா பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வான டான்செட்டும் அப்படித்தான். இந்தூர் ஐ.ஐ.எம். 2011-லேயே பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பைத் தொடங்கிவிட்டது. பதினேழு வயதில் மேனேஜர் ஆகத் தீர்மானிக்கிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கப் பாணிக்கு இங்கே கிட்டத்தில் வருவது ஹைதராபாத்தின் ஐ.எஸ்.பி. என்ற பிசினஸ் ஸ்கூல்தான். கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, சுமார் இரண்டு ஆண்டு வேலை பார்க்கவிட்டு, பிறகு ஓராண்டுப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும் ‘யங் லீடர்ஸ்’ திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். 2025-ல் புதியவர்களுக்கென்றே இருபது மாதப் படிப்பு ஒன்றையும் தொடங்கியிருக்கிறார்கள்.

ரெஸ்யூமில் இல்லாத கதை

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவிநாசிப் பக்கம் வீடு. அப்பாவுக்கு எட்டு நிட்டிங் மெஷின், ஜாப் ஒர்க். பெண் கோவையில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி கடைசி ஆண்டு. அவள் ரெஸ்யூமில் என்ன இருக்கும்? சிம்போசியம் ஒருங்கிணைப்பாளர், என்.எஸ்.எஸ். உறுப்பினர், பேப்பர் பிரசன்டேஷனில் இரண்டாம் பரிசு. இந்த மூன்றும் இல்லாத ரெஸ்யூமே தமிழ்நாட்டில் கிடையாது. படிக்கிற அதிகாரிக்கு இதிலிருந்து அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அவள் எழுதாமல் விட்டது வேறொன்று. ஒரு லீவில் அப்பாவின் இரண்டு வருஷ பில் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பார்ட்டி எத்தனை நாள் கழித்துப் பணம் தருகிறது என்று எக்ஸெல்லில் ஏற்றினாள். பெரிய பார்ட்டிகள் இரண்டும் நூற்றிருபது நாள் இழுக்கின்றன. அதற்குள் பாங்க் ஓ.டி. வட்டி கூலி லாபத்தைத் தின்றுவிடுகிறது.

“ஏனுங்ப்பா, இந்தப் பார்ட்டிக்கு ஓட்டறதுல நமக்கு என்னங் மிச்சம்?”

“பதினஞ்சு வருசப் பழக்கம் கண்ணு. நீ கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்துட்டு வந்து சொல்றயா?”

ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவரே, பழைய பாக்கியில் பாதி வந்தால்தான் புது நூலை மெஷினில் ஏற்றுவது என்று முடிவெடுத்தார். ஒரு பார்ட்டி பணத்தைக் கட்டியது. இன்னொன்று வேறு இடத்துக்குப் போய்விட்டது. இரண்டு மெஷின் ஆறு வாரம் சும்மா நின்றது.

ஹார்வர்டு இப்போது கேட்பவை மூன்று சின்னக் கட்டுரைகள். உன் அனுபவங்கள் உன் தொழில் விருப்பத்தை எப்படி வடிவமைத்தன, மற்றவர்களை எப்படி வழிநடத்தினாய், அறியும் ஆர்வம் உன்னை எப்படி வளர்த்தது என்பவைதான் கேள்விகள். ஒவ்வொன்றும் முந்நூறு வார்த்தைக்குள். இந்தப் பெண்ணுக்கு மூன்றுக்கும் பதில் அந்த பில் புக்கிலேயே இருக்கிறது. மெஷின் சும்மா நின்ற ஆறு வாரத்தை மறைக்காமல் எழுதினால் அவளை யாரும் சாதாரணமாகத் தாண்டிப்போக முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இன்னும் நேரடி: உனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் எது, ஏன்? இதற்கு ‘சமுதாயத்துக்குத் திருப்பிச் செய்வது’ என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். எந்தத் தெருவுக்கு, என்ன செய்தீர்கள் என்று சொல்பவர்கள் குறைவு.

அடுத்த கண்டம் சிபாரிசுக் கடிதம். நம் கல்லூரிகளில் இதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. எச்.ஓ.டி. அறை வாசலில் தவம் கிடந்தால், “நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்பார். மாணவரும் சின்சியர், ஹார்டுவொர்க்கிங், பங்க்சுவல் என்று தன்னைப் பற்றித் தானே எழுதி எடுத்துப்போவார். எம்.எஸ். படிப்புக்கு இது எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பிசினஸ் ஸ்கூலில் ஓடாது. கடிதம் எழுதுபவர் தன் கைப்படப் பள்ளியின் தளத்தில் நேரடியாக ஏற்றவேண்டும். மாணவர் எழுதித் தருவது விதிமீறல். கேள்விகளும் குறிப்பாக இருக்கும்: இவரை இதே நிலையிலுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் எப்படி, இவருக்கு நீங்கள் சொன்ன கசப்பான அறிவுரை எது, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்? வகுப்பில் எழுபது பேரில் ஒருவராக மட்டும் உங்களைப் பார்த்த எச்.ஓ.டி. இதற்கு என்ன எழுதுவார்? பதவி பார்த்து ஆள் பிடிக்காதீர்கள். புராஜெக்ட்டில் உங்களோடு சண்டை போட்ட உதவிப் பேராசிரியர், இன்டர்ன்ஷிப்பில் உங்கள் தவறைத் திருத்திய சூப்பர்வைசர், இப்படிப்பட்டவர்கள்தான் சரி. ஜனவரியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். ‘டூ பிளஸ் டூ’ உட்பட அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றின் கெடு ஏப்ரலில் வரும். நம் கல்லூரிகளில் புராஜெக்ட் ரிவ்யூவும் செமஸ்டர் வேலையும் கழுத்தை நெரிக்கிற மாதம் அது. ஆசிரியருக்கும் அப்படித்தான்.

கட்டுரையும் கடிதமும் தேறினால் நேர்காணல். ஹார்வர்டில் முப்பது நிமிடம். எதிரே இருப்பவர் உங்கள் விண்ணப்பத்தை வரி விடாமல் படித்திருப்பார். வேறொருவர் எழுதித் தந்த கட்டுரை என்றால் ஐந்தாவது நிமிடத்தில் வெளுத்துவிடும். சேர்க்கைக்கு வழிகாட்டப் பணம் வாங்கும் கன்சல்டன்சிகள் இதைச் சொல்வதில்லை.

தேர்வு, பணம், விசா

தேர்வு என்றால் ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. ஜிமேட் இப்போது இரண்டேகால் மணி நேரம், முக்கால் மணிக்கு ஒன்றாக மூன்று பகுதி, 205 முதல் 805 வரை மதிப்பெண். கட்டணம் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். கேட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கையோடு செல்லாக் காசாகிவிடும். ஜிமேட் மதிப்பெண்ணுக்கு ஐந்தாண்டு ஆயுள். டெஃபர்டு விண்ணப்பம் தோற்றாலும், நான்கு வருஷம் கழித்து அதே மதிப்பெண்ணை வைத்து வழக்கமான வழியில் போகலாம். முதல் முறை நிராகரிக்கப்பட்டது அப்போது தடையும் ஆகாது. கணக்கு கைப்பழக்கத்தில் இருக்கிற கல்லூரிக் காலத்திலேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம். டெஃபர்டு எம்.பி.ஏ. மேல் ஆசையே இல்லாதவருக்கும் இந்த ஒரு யோசனையைச் சொல்வேன்.

விண்ணப்பக் கட்டணத்திலும் மாணவருக்குச் சலுகை உண்டு. வழக்கமான ஹார்வர்டு விண்ணப்பத்துக்கு 250 டாலர், ‘டூ பிளஸ் டூ’வுக்கு 100. இடம் கிடைத்த பிறகு பல பள்ளிகள் முன்பணம் கேட்கும். கடைசியில் போகவில்லை என்றால் அந்த முன்பணம் மட்டும்தான் நஷ்டம். வேறு கட்டாயம் இல்லை.

பெரிய பணம் பிறகு வரும். ஹார்வர்டில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல். தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு ஒண்ணேகால் லட்சம் டாலர் பக்கம் வந்து நிற்கும். அங்கே உதவித்தொகை மதிப்பெண்ணைப் பார்த்து வருவதில்லை; குடும்பத்தின், உங்களின் பண நிலையைப் பார்த்து வருகிறது. இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் முழுவதும்கூடத் தள்ளுபடியாகலாம். ‘நமக்கெல்லாம் எட்டுமா’ என்று விண்ணப்பிக்காமலே விடுவது இந்த விதி தெரியாததால்தான்.

இத்தனைக்கும் மேலே நம் கையில் இல்லாத ஒன்று இருக்கிறது. 2025 மே மாதம் ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியையே அமெரிக்க அரசு ரத்து செய்தது. நீதிமன்றம் குறுக்கே வந்து நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் வேலை விசாவான எச்-1பி-க்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. இன்று விண்ணப்பிக்கிறவர் வகுப்பில் உட்கார்வது மூன்று நான்கு ஆண்டு கழித்து, வேலை தேடுவது ஆறாவது ஆண்டில். அப்போது வாஷிங்டனில் யார் இருப்பார், விதி என்னவாக இருக்கும் என்று எந்தக் கன்சல்டன்ட்டாலும் சொல்ல முடியாது. இடத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதை நம்பி வீட்டை அடகு வைக்கும் பேச்சை இப்போதே எடுக்கவேண்டாம்.

அப்படியானால் யாருக்கு?

கையில் ஒரு இடம் இருந்தால் முதல் வேலையைப் பயமில்லாமல் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் இந்தத் திட்டத்தின் உண்மையான லாபம். பெரிய ஐ.டி. கம்பெனியின் ஆஃபரை விட்டுவிட்டு, ஓசூரில் சின்ன உதிரிபாகத் தொழிற்சாலையிலோ கிராமப்புற சுகாதாரத் திட்டத்திலோ இரண்டு வருஷம் கிடக்கலாம். ‘என்னப்பா, இதுக்கா படிக்க வச்சோம்’ என்று கேட்கிற சித்தப்பாவுக்கு ஒரு பதில் இருக்கும். ஆனால் இந்தச் சுதந்திரம் எல்லார் வீட்டிலும் இல்லை. கல்விக்கடன் தவணையும் தங்கை கல்யாணமும் காத்திருக்கிற வீட்டில், கையில் ஹார்வர்டு கடிதம் இருந்தாலும் போகவேண்டியது அதிகச் சம்பள வேலைக்குத்தான். அப்படிப் போவதில் தப்பும் இல்லை. பள்ளிகள் அதற்காக இடத்தைப் பறிப்பதில்லை.

கேம்பஸில் வேலை கிடைக்காது என்ற பயத்தில் இந்தப் பக்கம் ஓடி வருகிறவர்களுக்கு இது சரிப்படாது. இரண்டு வருஷம் வேலை பார்க்கவேண்டும் என்பதே நிபந்தனை என்னும்போது, வேலையிலிருந்து தப்பிக்க இதில் வழியே இல்லை. எம்.பி.ஏ. எதற்கு என்று இன்னும் தெரியாதவர்களும் அவசரப்படவேண்டாம். நான்காண்டு கழித்து அதே பள்ளி, அதே படிப்பு, இன்னும் பல மடங்கு இடங்களோடு வழக்கமான வழியில் திறந்தே இருக்கிறது. அப்போது சொல்வதற்கும் கைவசம் சரக்கு இருக்கும்.

பிளஸ் டூ பிள்ளைக்கே ‘ஹார்வர்டு புரொஃபைல்’ தயார் செய்து தருகிறோம் என்று லட்சக்கணக்கில் வாங்குகிற கடைகள் இப்போது வந்துவிட்டன. பெற்றோர்களுக்கு ஒரே வேண்டுகோள். அந்தப் பணத்தைக் கட்டும் முன், பிள்ளையோடு உட்கார்ந்து அந்தந்தப் பள்ளியின் இணையதளத்தில் டெஃபர்டு சேர்க்கைப் பக்கத்தை முழுதாக ஒரு முறை படியுங்கள். தகுதி, கெடு, கட்டணம், கட்டுரைக் கேள்வி எல்லாம் அங்கேயே இருக்கின்றன. கடைசி ஆண்டுக்குப் போகிறவர்கள் அந்த ஆண்டின் டிசம்பர் லீவுக்குள் ஜிமேட்டை எழுதி முடித்துவிடுங்கள். மற்றதற்கு ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது.